ஆற்றங்கரையில் விழுந்து கிடந்தவன்

அந்தப் படத்தை அக்கா வாங்கியது அதன் சட்டத்துக்காக. தொண்டு அமைப்பு ஒன்று நடத்தும் பழைய சாமான் கடையில், சுவரோடு சாய்த்து வைத்திருந்த படங்களுக்குள் அது இருந்திருக்கிறது. கறுப்பு மரச்சட்டம், உள்ளோரத்தில் மெல்லிய பொன்கோடு. யாரோ கொண்டுவந்து கொடுத்த லட்சுமி படம் ஒன்று சுருட்டியபடி வீட்டு அலமாரியில் கிடந்தது. அதற்கு அளவாக இருக்கும் என்று எடுத்துக்கொண்டார். உள்ளே என்ன படம் என்று கடையில் அவர் பார்க்கவில்லை. வீட்டுக்கு வந்து, பின்பக்கத்துச் சிறு ஆணிகளைக் கழற்றித் தாளை வெளியே எடுத்தபோதுதான் பார்த்தார். பார்த்ததும் எனக்கு அழைப்பு எடுத்தார்.

"தம்பி, ஒருக்கா வந்திட்டுப் போறீங்களே? ஒரு படம் பாக்கோணும்."

"ஆரக்கா மோசம் போனது?" என்றேன்.

"ஒருத்தரும் போகேல்லை. நீங்கள் வாங்கோ."

நான் அப்படிக் கேட்டதற்குக் காரணம் உண்டு. யாழ்ப்பாணத்தில் ஒரு நாளிதழில் படங்களைச் சீர்செய்து பக்கத்தில் வைக்கும் வேலை பார்த்தவன் நான். இப்போது மெல்பனில் ஓர் அச்சகத்தில், பெட்டிகளின் மேல் ஒட்டும் லேபல்களை வடிவமைக்கிறேன். ஆனால் நகரின் மேற்குப் பகுதியில் தமிழர் வீட்டில் யாராவது இறந்தால், மரண அறிவித்தலைச் செய்து கொடுப்பது பெரும்பாலும் நான்தான். ஆகவே என்னை அழைத்து ஒருவர் 'படம்' என்று தொடங்கினால் அது சாவு. கோயிலில் சிலர் என்னைக் கண்டால் அடுத்த பக்கத்தால் சுற்றிப் போவார்கள். "உன்னோடை நிண்டு கதைச்சா ஆயுள் குறையுமடாப்பா" என்று ஒருவர் சொல்லிச் சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

அக்கா என் உடன்பிறந்தவர் அல்ல, கோயிலில் பழக்கமானவர். அவர் வீடு ட்ருகனினாவில், புது வீடுகள் எழும்பிய பகுதியில். நட்ட மரங்கள் இன்னும் தடிகளில் கட்டியபடி நிற்கின்றன. தெருவின் இரு பக்கமும் ஒரே வரைபடத்தில் கட்டிய வீடுகள். கராஜ் கதவின் நிறத்தை வைத்துத்தான் வீட்டைப் பிடிக்கவேண்டும். களஞ்சியங்களுக்குப் போகும் லொறிகளின் இரைச்சல் எந்நேரமும் கேட்கும். அது நின்றால்தான் இதுவரை கேட்டுக்கொண்டிருந்தோம் என்று தெரியும்.

கதவைத் திறந்தது மகள். இருபதுகளின் நடுவில் இருப்பவள், மருந்தகம் ஒன்றில் வேலை.

"வாங்கோ அங்கிள். அம்மா மோர்னிங்கிலயிருந்து சாப்பிடேல்லை. நீங்கள் கொஞ்சம் சொல்லுங்கோ. அது ஜஸ்ட் ஒரு ஓல்ட் பிரிண்ட்."

"என்ன பிரிண்ட்?"

"பாருங்கோவன்."

சாப்பாட்டு மேசையில் தாள் விரித்துக் கிடந்தது. நான்கு மூலைகளிலும் நான்கு சில்வர் கிண்ணங்கள். பத்திரிகையில் பழகியவன் முதலில் படத்தைப் பார்ப்பதில்லை, படத்தின் கீழே இருப்பதைப் பார்ப்பான். நானும் அதைத்தான் செய்தேன். இடது ஓரத்தில் பொடி எழுத்தில் வரைந்தவர் பெயர். வலது ஓரத்தில் அதை உலோகத் தகட்டில் செதுக்கியவர் பெயர். நடுவில் ஓர் ஆற்றின் பெயரும் சண்டை என்ற சொல்லும். அமெரிக்காவின் புரட்சிப் போர்க் காலத்தில், எல்லைப்புறக் காட்டில் இருந்த ஒரு குடியேற்றத்தின்மேல் நடந்த தாக்குதல் என்று கீழே ஒரு வரி. அச்சானது சண்டை நடந்து இரண்டு மூன்று தலைமுறைக்குப் பிறகு. வரைந்தவரும் செதுக்கியவரும் அந்தச் சண்டையைக் கண்டிருக்க வழியில்லை.

அதன் பிறகு படம். பின்னால் அடர்ந்த காடு. நடுவில் மரக்குற்றிகளை நட்டு எழுப்பிய வேலி, அதன் வாசலில் துப்பாக்கியோடு ஆட்கள், ஒரு பெண். காட்டுக்குள்ளிருந்து பூர்வகுடி வீரர்கள் வருகிறார்கள். அவர்களுக்குப் பின்னால் பிரித்தானியச் சிப்பாய்கள். புகை வலமிருந்து இடமாக அடிக்கிறது. முன்னால், படத்தின் இடது கீழ் மூலையில், ஆறு. ஆற்றங்கரையில் ஒரு மரத்தின் வேரில் தலையை வைத்தபடி ஓர் இளைஞன் விழுந்து கிடக்கிறான். ஒரு கை மார்பில். மற்றது தண்ணீருக்குள். கண்கள் மூடியிருக்கின்றன. சண்டை முழுவதும் அவனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நடக்கிறது.

அக்கா சுட்டுவிரலை அவன் முகத்துக்கு மேல் நீட்டினார். தொடவில்லை.

"இந்தா கிடக்கிறான்."

மகள் குசினி வாசலில் நின்று, "அம்மா, ப்ளீஸ்" என்றாள்.

"எனக்கு விசரில்லைப் பிள்ளை" என்றார் அக்கா. பிறகு என்னிடம்: "இது ஆரோ வெள்ளைக்காரன். செத்து எவ்வளவு காலமோ. அது எனக்குத் தெரியும். முகம் மட்டும் அவன்ரை. அச்சொட்டா அவன்ரை."

'அவன்' அவருடைய மூத்த பிள்ளை. வன்னியில் கடைசிப் போரின்போது, இடம் மாறி இடம் மாறிக் கடற்கரை வரைக்கும் வந்துவிட்ட நிலையில், தண்ணீர் எடுத்து வரப் போனவன் திரும்பவில்லை. பதினெட்டு வயது முடிந்திருந்தது. இறந்ததைக் கண்டதாகச் சொல்ல யாரும் இல்லை. உயிரோடு கண்டதாகச் சொன்னவர்கள் ஒருவர் சொன்னதை மற்றவர் சொல்லவில்லை. இந்தக் கதை நாங்கள் பல வீடுகளில் கேட்டதுதான். அக்காவின் வீட்டில் அதற்கு மேலும் ஒன்று இருந்தது. பிள்ளையின் படம் ஒன்றுகூட இல்லை. அல்பம் இருந்த பை பதுங்குகுழியில் நின்றுவிட்டது. அடையாள அட்டை அவனோடு போய்விட்டது. உறவினரிடமெல்லாம் கேட்டுப் பார்த்தார். ஒரு கல்யாணக் குழுப்படத்தில் அவன் இருக்கிறான், பெரியப்பாவின் தோளுக்குப் பின்னால், ஒரு காதும் கொஞ்சம் தலைமயிரும். ஒரு வீடியோவில் பந்திக்கு நடுவில் தண்ணீர்ச் செம்போடு போகிறான். நிறுத்திப் பார்த்தால் கலங்கிய வெள்ளைச் சட்டை.

"முந்திக் கண்ணை மூடினா வரும்" என்றார் அக்கா. "இப்ப கொஞ்சக் காலமா வருகுதில்லை. மூக்கு வந்தா வாய் வராது. வேறை ஆக்களின்ரை முகம் வந்து நிக்குது. கடையிலை நிக்கிற பொடியன்ரை, நாடகத்திலை வாறவன்ரை. பெத்த தாய்க்கு முகம் மறந்துபோச்செண்டு ஆரிட்டைப் போய்ச் சொல்லுறது, சொல்லுங்கோ?"

அவர் கேட்டது இவ்வளவுதான்: இந்த முகத்தை மட்டும் எடுத்து, ஒரு நல்ல படமாகச் செய்து தரவேண்டும். "உங்கடை வேலைதானே, தம்பி."

மகள் வாசலை விட்டு வந்து கதிரையை இழுத்து உட்கார்ந்தாள்.

"அங்கிள், ஐ வாஸ் எய்ட். எனக்கு அண்ணாவின்ரை ஃபேஸ் ஞாபகமில்லை. சைக்கிள் பாரிலை என்னை இருத்தித்தான் கொண்டு போவார். நான் முன்னுக்குப் பாத்துக்கொண்டு இருப்பன். கைதான் தெரியும். நீங்கள் இதைச் செய்து குடுத்தா, நாளைக்கு அண்ணா எண்டு நினைச்சா எனக்கு இந்த ஆள்தான் வரும். யாரெண்டே தெரியாத ஆள்."

"ஒண்டுமே வராததுக்கு அது நல்லம்தானே" என்றார் அக்கா.

"நோ, அம்மா. இட்ஸ் நொட்."

இருவரும் என்னைப் பார்த்தார்கள். செய்வதா இல்லையா என்று நான் தீர்மானிக்கவேண்டும் போல. நான் தாளை இரண்டு அட்டைகளுக்கு நடுவில் வைத்து எடுத்துக்கொண்டு வந்தேன்.

அச்சகத்தில் பெரிய ஸ்கேனர் ஒன்று உண்டு. முதலாளியிடம் சொல்லிவிட்டு மதிய இடைவேளையில் படத்தை அதில் வைத்தேன். திரையில் முகத்தைப் பெரிதாக்கியதும் முகம் இல்லாமல் போனது. வளைந்த கோடுகள், அவற்றுக்குக் குறுக்கே வேறு கோடுகள், இடையில் புள்ளிகள். கன்னம் என்று நாம் பார்ப்பது, செதுக்கியவர் கையை வைக்காமல் விட்ட இடம். நெற்றியும் அப்படித்தான். இருட்டுத்தான் அவர் செய்தது, முகம் மிச்சம். பத்திரிகைப் படங்களையும் பெரிதாக்கினால் புள்ளிகளாகக் கலைந்துவிடும், அது எனக்குப் புதிதல்ல. ஆனால் அங்கே புள்ளிகள் ஒழுங்காக இருக்கும். இங்கே ஒவ்வொரு கோட்டையும் ஒரு மனிதன் யோசித்து வெட்டியிருந்தான்.

குழுப்படத்துக்குக் குறிப்பு எழுதும்போது இடமிருந்து வலம் ஒவ்வொரு முகமாகப் போவது எங்கள் வழக்கம். யாரும் கேட்காமலே அன்றும் அப்படிப் போனேன். விழுந்து கிடப்பவன். அவனுக்கு அப்பால் முழங்காலில் நின்று துப்பாக்கிக்கு மருந்து இடிப்பவன். வேலி வாசலில் நிற்பவன். மூன்றாவது முகத்தில் நின்றுவிட்டேன். பிறகு முதலாவதுக்குத் திரும்பினேன். மூவரும் ஒரே ஆள். அதே நீண்ட மூக்கு, மேலுதட்டில் அதே சிறு பள்ளம், தாடையில் ஒரே இடத்தில் விழும் நிழல். தொப்பியும் மீசையும் வேறு; முகம் ஒன்று.

சிப்பாய்களின் அதிகாரியைப் பெரிதாக்கினேன். அவனும் அதுதான். காட்டிலிருந்து ஓடி வருபவர்கள், முகத்தில் கோடு பூசியவர்கள், தலையில் இறகு செருகியவர்கள்: பூச்சை மனதால் துடைத்துவிட்டுப் பார்த்தால் கீழே அதே பள்ளம், அதே நிழல். வாசலில் நின்ற பெண்ணை விட்டுவிடலாம் என்று நினைத்தேன். பிறகு அவளையும் பார்த்தேன்.

இதற்கு விளக்கம் இருக்கிறது. செதுக்குபவருக்குக் கை பழகிய முகம் ஒன்று இருந்திருக்கும். அல்லது ஒரே உதவியாளரை உட்காரவைத்து எல்லோரையும் வரைந்திருப்பார்கள். அவசரத்தில் வேலை செய்பவர்கள் எல்லாக் காலத்திலும் இப்படித்தான். அதை எனக்கு நானே சொல்லிக்கொண்டேன், அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் படத்தை மறுபடி முழுதாகச் சுருக்கியபோது, முன்பு பார்த்த சண்டை அங்கே இல்லை. ஒரே மனிதன் காட்டுக்குள்ளிருந்து வந்து, வேலிக்குள் நிற்கும் தன்னைச் சுட்டு, ஆற்றங்கரையில் தானே விழுந்து கிடந்தான். எல்லாப் பக்கத்திலும் அவன்தான். அதற்குப் பிறகு எனக்கு அதை வேறு மாதிரிப் பார்க்க முடியவில்லை.

இதை அக்காவிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவர் எல்லோரையும் செய்து தரச் சொல்லிக் கேட்டிருப்பார்.

வேலையைத் தொடங்கினேன். கிடந்த தலையை நிமிர்த்த வேண்டும். நிமிர்த்தியதும் மயிர் ஒரு பக்கமாகக் காற்றில் நின்றது; அதைக் கீழே இழுத்தேன். கோடுகளை ஒன்றோடொன்று கரைத்துத் தோலாக்கினேன். தோலின் நிறத்தை மாற்றினேன், மயிரைக் கறுப்பாக்கினேன். இந்தக் கட்டத்தில் என் கை எனக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தது. ஊரில் எங்கள் மேசைக்கு வரும் படங்களில் பாதி படமே அல்ல. அடையாள அட்டையிலிருந்து உரித்தவை, கூட்டத்திலிருந்து வெட்டியவை. சில வீடுகளில், உயிரோடு இருந்தபோது எடுத்த படம் இல்லாமல், இறந்த பிறகு எடுத்ததைக் கொண்டுவருவார்கள். அதை அப்படியே அறிவித்தலில் போடமாட்டோம். மூக்கிலுள்ள பஞ்சை எடுத்து, தாடையைக் கட்டியிருக்கும் துணியை அழித்து, கழுத்துக்குக் கீழே வெள்ளைக் காலர் வைத்து, பின்னணியை இளநீலமாக மங்கவிட்டு, கண்களைத் திறந்துவிடுவோம். கண்களை அண்ணன் தம்பி படம் இருந்தால் அதிலிருந்து எடுப்போம். இல்லாவிட்டால் பொருத்தமாக வேறு யாருடையதாவது.

இங்கே அண்ணன் தம்பிக்குக் குறைவில்லை. கண் நன்றாகத் திறந்திருந்த ஒருவன்தான் இருந்தான்: காட்டோரம் ஒரு மரத்தின் பின்னால், துப்பாக்கியைத் தோளில் வைத்து, படத்தைப் பார்ப்பவரை நேராகக் குறிவைத்துக்கொண்டிருப்பவன். மற்றவர்களெல்லாம் ஒருவரை ஒருவர் பார்க்கிறார்கள். அவன் மட்டும் வெளியே பார்க்கிறான். அந்தக் கண்களை எடுத்து வைத்தேன். ஒரு திருத்தமும் வேண்டியிருக்கவில்லை. இமைக்கு இமை பொருந்தியது.

அச்சடித்து எடுத்தபோது வேலை நன்றாக வந்திருப்பது தெரிந்தது. கோடுகளால் ஆன ஆள் என்று யாரும் சொல்லமாட்டார்கள். பதினெட்டு வயதுத் தமிழ்ப் பையன், வெள்ளைக் காலர், சீவிய தலை. ஞாயிறு காலை அதைக் காரின் முன் இருக்கையில் வைத்துக்கொண்டு புறப்பட்டேன். முதல் சமிக்ஞை விளக்கில் நின்றபோது அதைக் குப்புறத் திருப்பி வைத்தேன்.

அக்கா மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படத்தை வாங்கினார். யன்னல் பக்கம் கொண்டுபோய் வெளிச்சத்தில் பிடித்தார். மகள் பின்னால் வந்து, தாயின் தோளுக்கு மேலாகப் பார்த்தாள். பார்த்ததும் ஓரடி தள்ளி நின்றாள்.

"ஹி இஸ் லுக்கிங் அட் மி" என்றாள்.

அக்கா படத்தைக் கண்ணுக்குக் கிட்டக் கொண்டுவந்தார். பிறகு திரும்பி, கோபமில்லாமல், உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறவர் போலக் கேட்டார்:

"ஏன் தம்பி இவனைச் சாக்காட்டிப்போட்டீங்கள்?"

எனக்கு விளங்கவில்லை. "அக்கா, கண்ணைத் திறந்தெல்லோ விட்டிருக்கிறன்" என்றேன்.

"அதைத்தான் சொல்லுறன். செத்தவைக்குத்தானே கண் திறக்கிறது." படத்தை என் பக்கம் திருப்பினார். "இந்தக் கொலர். இந்த நீலம். இது பேப்பரிலை வாற படம். கீழை தோற்றம், மறைவு எண்டு போடாததுதான் மிச்சம்."

நான் படத்தைப் பார்த்தேன். அவர் சொன்னது சரி. தோள்கள் மங்கி மறையும் இடம்கூட, இரண்டு தேதிகள் வைக்க அளவாக விடப்பட்டிருந்தது. அதை நான் யோசித்துச் செய்யவில்லை.

"இவையின்ரை அப்பாவுக்கும் இப்பிடித்தான்" என்று அக்கா சுவரைக் காட்டினார். ஹோலில் மாலையோடு தொங்கும் அவருடைய கணவரின் படம். கடைசிப் போருக்கு முன்பே நோயில் போனவர். கனடாவிலிருக்கும் மைத்துனர் பத்திரிகையிலிருந்து வெட்டி வைத்திருந்த துண்டைப் பெருப்பித்துச் செய்தது. "ஆசுப்பத்திரியிலை, போனாப்பிறகு எடுத்த படம்தான் குடுத்தனாங்கள். பேப்பர்க்காரர் கண் வைச்சு விட்டவை. அது அவரின்ரை கண் இல்லை. ஆரின்ரையோ. இத்தனை வரியமா ஆரோ ஒரு ஆள் அவரின்ரை முகத்துக்குள்ளை நிண்டு என்னைப் பாத்துக்கொண்டு நிக்கிறார். எனக்குப் பழகிப்போச்சு. பிள்ளைக்கும் அப்பிடி வேண்டாம்."

எந்தப் பத்திரிகை என்று நான் கேட்கவில்லை.

"மூடி விடுங்கோ" என்றார்.

மடிக்கணினியைச் சாப்பாட்டு மேசையில் திறந்தேன். அக்கா எனக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டுக்கொண்டார். மரத்தின் பின்னால் நின்றவனின் கண்களை எடுத்துவிட்டு, பழைய இமைகளைக் கொண்டுவந்தேன். காலரை அழித்தேன். பின்னணி நீலத்தை எடுத்துவிட்டேன். திரையில் கழுத்தும் கண் மூடிய முகமும் மட்டும் நின்றன. நிமிர்ந்த தலையில் மூடிய கண்கள் இருந்தால் பார்க்கச் சகிக்காது. அதை அவரே சொன்னார்.

"தலையைச் சரிச்சு விடுங்கோ. முந்திக் கிடந்த மாதிரி. இல்லை, இல்லை, இந்தப் பக்கம். அவன் சுவர்ப் பக்கம்தான் முகத்தை வைச்சுக்கொண்டு படுப்பான். ஓம். இப்ப வாயைக் கொஞ்சம் திறவுங்கோ. கனக்க வேண்டாம். மூச்சு விடுற அளவுக்கு."

நான் வாயைத் திறந்தேன். அவர் முன்னால் குனிந்து திரையைப் பார்த்தார்.

"மேலுதட்டிலை இந்தப் பள்ளம் இல்லை" என்றார் திடீரென்று. "அவனுக்கு உதடு தடிப்பா இருக்கும். இவள் மாதிரி. புருவம் இஞ்சை ஒரு இடத்திலை மயிர் இல்லை, சின்னனிலை வாசல் படலையிலை அடிபட்டது." குரல் மாறியிருந்தது. "வருகுது தம்பி. நிப்பாட்டாதையுங்கோ."

பிழையைப் பார்க்கப் பார்க்கச் சரியானது அவருக்கு வந்துகொண்டிருந்தது. சொல்லச் சொல்ல நான் மாற்றினேன். ஒவ்வொரு மாற்றத்திலும் ஆற்றங்கரையில் கிடந்தவன் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டிருந்தான். வேறு யாரோ வந்துகொண்டிருந்தார்கள். வருவது உண்மையில் அவர் பிள்ளைதானா, அல்லது அவருக்கு வேண்டிய பிள்ளையா என்று பிரித்துச் சொல்ல என்னிடம் ஒரு வழியும் இல்லை. ஒப்பிட்டுப் பார்க்க ஒரு படம் இல்லாமல் முகம் ஒன்றைச் சரிபார்த்தது அதுதான் முதல் தடவை.

"கை ஒண்டு கன்னத்துக்குக் கீழை வைச்சிருப்பான்" என்றார். "கைதான் எனக்குத் தெரியேல்லை." அவர் மகளைத் திரும்பிப் பார்க்கவில்லை. கேள்வி அவளுக்குத்தான் என்பது எல்லோருக்கும் தெரிந்தது.

அவள் குசினியில் தேத்தண்ணிக் கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். குழாயை மூடினாள்.

"விரல் நீளம்" என்றாள் அங்கிருந்தே. "சின்னி விரல் நேர் இல்லை, உள்ளுக்கு வளையும். பெருவிரல் நகத்திலை கறுப்பா ஒரு கோடு." ஈரக் கையைத் துடைத்தபடி வந்து, எனக்குப் பின்னால் நின்றாள். "இன்னும் கொஞ்சம் உள்ளுக்கு, அங்கிள். யா. லைக் தட்."

முடிந்தபோது வெளியே லொறிகள் ஓடிக்கொண்டிருந்தன. திரையில் ஒரு பையன் பக்கவாட்டில் கிடந்து உறங்கினான். அக்கா அவனைப் பார்த்துக்கொண்டு, "நல்ல நித்திரை" என்றார்.

அச்சடித்துக் கொடுத்தேன். பழைய தாளைத் திருப்பிக் கொடுத்தபோது வாங்க மறுத்துவிட்டார். சண்டைப் படம் வீட்டில் வைக்கக்கூடாது, குடும்பத்தில் சண்டை மூளும் என்று எங்கள் ஆட்களிடம் ஓர் எண்ணம் உண்டு. பாரதப் போர்ப் படத்தைக்கூட மாட்டமாட்டார்கள். ஆகவே அது என்னிடம், அதே இரண்டு அட்டைகளுக்கு நடுவில், அலமாரியின் மேல் தட்டில் இருக்கிறது. ஒரு தடவை எடுத்துப் பார்த்தேன். மரத்தின் பின்னால் நிற்பவனின் கண்கள் இருந்த இடத்தில்தான் இருந்தன. இல்லாமல் போகக் காரணம் எதுவும் இல்லை. ஆனாலும் நான் பார்த்தது அதைத்தான்.

குளிர்காலம் முடியும் சமயம், ஒரு சனிக்கிழமை நடுப்பகலில், கோயில் அன்னதானத்துக்குப் பொருள் கொடுக்க அக்காவின் வீட்டுக்குப் போனேன். நல்ல வெயில். கதவைத் திறந்த மகளிடம் வழமைபோல, "என்ன பிள்ளை, அம்மா எங்கை?" என்றேன்.

அவள் உதட்டில் விரலை வைத்தாள். கிண்டல் செய்கிறாள் என்று நினைத்தேன். முகத்தில் கிண்டல் இல்லை.

"மெல்லக் கதையுங்கோ, அங்கிள்."

நடையின் வலது பக்கத்தில், விருந்தினர் வந்தால் கொடுக்கும் அறை. அதன் கதவு பாதி சாத்தியிருந்தது. இடைவெளியால் கட்டிலின் கால்மாடு தெரிந்தது. போர்வை நேர்த்தியாக விரித்து, ஒரு மூலை மடித்துவிடப்பட்டிருந்தது. நான் செய்து கொடுத்த படம் அங்கேதான் இருக்கவேண்டும்; தலைமாட்டுப் பக்கத்துச் சுவர் எனக்குத் தெரியவில்லை. யன்னல் திரை இழுத்துவிட்டிருந்தது. அந்த அறை மட்டும் இருட்டாக இருந்தது.

அக்கா குசினியிலிருந்து வந்தார். முன்பைவிடச் சற்றுப் பருத்து, நன்றாக இருந்தார். "வாங்கோ தம்பி, இருங்கோ" என்றார், வாய் அசைவதைப் பார்த்துப் புரிந்துகொள்ள வேண்டிய குரலில். மகள் கதிரையை இழுக்காமல் தூக்கி வைத்தாள். அண்ணனைப் பற்றி யாரும் பேசவில்லை. அன்னதானத்துக்கு எத்தனை பேர் வருவார்கள், பருப்பு காணுமா, யார் வாகனம் கொண்டுவருவார்கள் என்றெல்லாம் கதைத்தோம். நானும் கிசுகிசுத்துத்தான் கதைத்தேன். எப்போது தொடங்கினேன் என்று தெரியவில்லை.

அப்போது தெருவில் ஒரு லொறி பெருஞ்சத்தத்தோடு பிரேக் பிடித்தது. மூன்று பேரும் பேச்சை நிறுத்திவிட்டு அந்த அறைப் பக்கம் திரும்பிப் பார்த்தோம்.

ஒரு சத்தமும் இல்லை. அக்கா மெதுவாக எழுந்து போய், கதவை இன்னும் கொஞ்சம் சாத்திவிட்டு வந்தார்.